படிக்க வைத்ததும் வாசிக்கக் கொடுத்ததும்



நான் ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், என் பையன் புத்தகத்தையே தொட மாட்டேங்கிறான். எப்பப் பாரு போன்தான். என்ன செய்யறது?" இப்படிக் கேட்பவர்களில் சிலர், ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னதுமே தண்ணீர் குடிக்கக் கிளம்பிய ஆட்கள். பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

இரண்டு வரியில் பதில் போட்டு முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. போன் வருவதற்கு நூறு வருடம் முன்பும் பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டு ஓடத்தான் செய்தார்கள். ஓடியவர்களைத் திரும்ப அழைத்து வந்தவர்கள் யார், எதைக் காட்டி அழைத்து வந்தார்கள் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். வரலாறு என்றால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். தமிழில் பரீட்சைக்குப் படிப்பதும் 'படிப்பு', கதைப் புத்தகம் படிப்பதும் 'படிப்பு'. ஆனால் "போய்ப் படி" என்று அம்மா சொன்னால் எந்தப் பிள்ளையும் கதைப் புத்தகத்தை எடுப்பதில்லை. எடுத்தால், "படிக்கச் சொன்னா கதைப் புத்தகம் பாக்குறியா?" என்று முதுகில் ஒன்று விழும். சொல் ஒன்று, வேலை இரண்டு. ஒன்று, யாரோ கேட்கப்போகும் கேள்விக்காகப் படிப்பது. மற்றொன்று, அடுத்து என்ன ஆகும் என்று நமக்கே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுப் படிப்பது. நம் பள்ளிகளில் முதல் வேலைக்குக் கட்டடம், சம்பளம், இன்ஸ்பெக்டர் எல்லாம் உண்டு. இரண்டாவது வேலை நெடுங்காலம் பள்ளிக்கு வெளியேதான் நடந்தது. அதை மட்டும் இந்தப் பதிவில் 'வாசிப்பு' என்று வைத்துக்கொள்கிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம். மணலில் விரலால் எழுத்து, அப்புறம் பனையோலையும் எழுத்தாணியும். எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு என்று வரிசையாகப் பாடம். ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கூடச் சொல்ல வேண்டும். பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதுவதையும் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதையும் அங்கே செய்து பார்த்து, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அங்கே அது பரவியது. திண்ணைப் பள்ளி வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எடுத்துப் பாருங்கள்.

மனப்பாடத்தை இன்று நாம் கேலி பேசுகிறோம். அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது. ஒரு நூல் வேண்டும் என்றால் யாராவது நாள் கணக்கில் உட்கார்ந்து ஓலையில் பிரதி எடுக்க வேண்டும். எடுத்த ஏட்டையும் பூச்சி அரிக்கும். அதனால் நெஞ்சுதான் நூலகம். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பிள்ளை, தனக்கு முன்பே தெரியாத ஒன்றை எழுத்தின் வழியாகத் தானே கண்டுபிடிக்கும் சந்தர்ப்பம் குறைவு. முதலில் காதில் விழும், பிறகு மனதில் பதியும், கடைசியில்தான் கண்ணுக்கு வரும். ஆணும் பெண்ணுமாக ஊரில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. திண்ணை எல்லாச் சாதிக்கும் பொதுவான இடமாகவும் இல்லை.

அச்சு வந்ததும் நிலைமை மெல்ல மாறியது. தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சகம் இருந்தது என்றாலும், இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் நடத்த வழி பிறந்தது 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அப்போது இரண்டு வகைப் புத்தகங்கள் பெருகின. ஒன்று பள்ளிப் பாடநூல். இன்னொன்று சந்தையிலும் திருவிழாவிலும் தெருவோரத்திலும் விற்ற மலிவுப் புத்தகம். உங்கள் தாத்தா பாட்டிமார் 'பெரிய எழுத்து' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் இவற்றை ஓயாமல் அச்சிட்டார்கள்.

இந்தப் புத்தகங்களைப் பள்ளிக்கூடம் மதிக்கவில்லை. ஆனால் அவற்றை உருவாக்கியவர்களுக்கு வாசகரைத் தெரிந்திருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் கண் மங்கியவருக்கும் ஏற்றபடி எழுத்து பெரிதாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார், சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். கதை பாதி ஏற்கெனவே தெரிந்த கதை. அதனால் எழுத்தில் தடுக்கினாலும் பொருளில் தடுக்காது. வாசிக்கத் தயங்குகிற ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதே காலத்தில் பள்ளியில் நடந்தது என்ன? இங்கிலாந்தில் 1862இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். எத்தனை பிள்ளை தேறுகிறதோ அதற்கேற்பப் பள்ளிக்கு மானியம். பெரிய எழுத்தாளரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மேத்யூ ஆர்னால்டே இதைக் கண்டித்தார். தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் தரும் வழக்கம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. இப்போது ஓர் ஆசிரியரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். தன் சம்பளம், பிள்ளை ஒரே ஒரு பாடநூலைத் தடுமாறாமல் ஒப்பிப்பதில் இருக்கிறது என்றால் அவர் வேறு புத்தகத்தைத் தருவாரா? அதே புத்தகத்தை வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பார். பிள்ளைக்குப் புத்தகம் என்றாலே பிரம்பும் பரிசோதனையும் என்று மனதில் தங்கிவிடும். அந்த மானிய முறை போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அது ஏற்படுத்திய பழக்கம் இன்னும் நம் வீடுகளில்கூட இருக்கிறது. பிள்ளை ஒரு கதையைப் படித்து முடித்த உடனே, "சரி, இதில் என்ன நீதி? சொல்லு பார்ப்போம்" என்று கேட்கிறோமே, அந்த இன்ஸ்பெக்டர்தான் நமக்குள் உட்கார்ந்து கேட்கிறார்.

இனி ஒரு கணக்கு வாத்தியாரின் கதைக்கு வருகிறேன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சேர்ந்த புதிதில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆள் வராத அறையில் புத்தகங்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்பது எப்படிப் பிடிக்கும்? வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். முதலில் இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அங்கே அவர் பார்த்தது வேறு உலகம். தொழிலாளி, சிறுவர், வீட்டில் இருக்கும் பெண்கள் என எல்லோரும் வந்து புத்தகம் எடுத்துப் போகும் பொது நூலகங்கள். திரும்பி வந்தவர் அதன் பிறகு வாழ்நாள் முழுக்க நூலகத்தை விடவில்லை.

1931இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றும் அவற்றைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவற்றின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். புத்தகம் பூட்டி வைப்பதற்கு இல்லை, பயன்படுத்துவதற்கு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் எங்கோ இருக்கிறார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டிப்போட்டிருந்ததை அவர் எடுத்துச் சொல்கிறார். நம் ஊரில் இரும்புச் சங்கிலி கிடையாது. பீரோ சாவி உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபை பிள்ளை என்பவர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகத்துக்கு ஆள் வரவில்லை என்று அலுத்துக்கொள்ளாமல், ஆள் இருக்கிற இடத்துக்கு நூலகத்தை ஓட்டிப் போனார்கள். ரங்கநாதனும் சென்னை நூலகச் சங்கமும் விடாமல் முயன்றதன் பலனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். உங்கள் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் போகிறீர்களோ இல்லையோ, உங்கள் ஊர் நூலகத்துக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அதே காலத்தில் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்ற ஆசிரியர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வந்தவர். 'பகல் கனவு' என்ற அவருடைய புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது. அடங்காத நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஓர் ஆசிரியர் ஒரு வருடம் எப்படி நடத்திப் பார்க்கிறார் என்பதுதான் அதில் கதை. அந்த ஆசிரியர் பாடத்தில் தொடங்குவதில்லை. கதை சொல்லித் தொடங்குகிறார். கதை கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே கதைப் புத்தகங்களைச் சேர்த்து வைக்கிறார். காதில் ஊறிய ருசி கண்ணைப் புத்தகத்துக்கு இழுத்துப் போகிறது. பெரிய எழுத்துப் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்த அதே விஷயம்தான் இது.

விடுதலையை ஒட்டி நம் பிள்ளைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. 1947இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து அம்புலிமாமாவைத் தொடங்கினார்கள். விக்கிரமாதித்தனும் வேதாளமும் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு மாதமும் ராஜா மரத்தில் ஏறி உடலை இறக்குவார், வேதாளம் கதை சொல்லும், கடைசியில் ஒரு கேள்வி கேட்கும், ராஜா வாயைத் திறந்ததும் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்தாலே பிள்ளை புத்தகத்தை இழுத்துக்கொள்ளும். தொடக்கமும் முடிவும் மாறாது, நடுவில் கதை மட்டும் புதிது. வாசிக்கத் தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. தெரிந்த வாசல் வழியாக உள்ளே போய்த் தெரியாத அறையைப் பார்க்கலாம்.

நம் புதுக்கோட்டைப் பக்கத்து ராயவரத்துக்காரர் அழ. வள்ளியப்பா, வங்கி வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமையக் காரணமாக இருந்தார். கண்ணன், கோகுலம் என்று பத்திரிகைகள் வந்தன. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. அந்தக் காமிக்ஸைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்து உதை வாங்காத பையன்கள் என் தலைமுறையில் குறைவு. உதைக்குப் பயந்தும் வாசிப்பை விடாத பிள்ளையை 'படிக்கப் பிடிக்காதவன்' என்று பெரியவர்கள் சொன்னதுதான் வேடிக்கை.

பெரியவர்களுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பெயர் டீக்கடை. 1942இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, சின்னச் சின்ன வாக்கியத்தில், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழில் செய்தியைத் தந்தது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் தலைப்பை மட்டும் எழுத்துக்கூட்டினார், பிறகு முழுச் செய்தியையும் படித்தார். 1960இல் தொடங்கிய கன்னித்தீவுக்காகவே பேப்பரைத் தேடிய பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு நாளைக்குச் சில படங்கள், சில வரிகள், அடுத்து என்ன என்ற ஏக்கம்.

இவ்வளவும் இருந்தும் என் வகுப்பில் ஏன் சில பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டு விலகினார்கள்? ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 1980களில் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். 'பிடிக்கவில்லை' என்று பிள்ளை சொன்னால் பத்தில் எட்டுத் தடவை அதற்குப் பொருள் 'முடியவில்லை' என்பதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வரியின் முடிவுக்கு வருவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். பொருள் பிடிபடாத ஒன்றில் என்ன சுவை இருக்கும்? முடியவில்லை என்று சொல்வது அவமானம், பிடிக்கவில்லை என்று சொல்வது கௌரவம். பிள்ளை கௌரவமானதைச் சொல்கிறது. 2005லிருந்து வரும் அசர் அறிக்கைகள், இரண்டாம் வகுப்புப் பாடத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலரால் வாசிக்க முடியவில்லை என்பதை நாடு முழுக்கக் காட்டிக்கொண்டே இருக்கின்றன.

தமிழுக்கென்று தனிச் சிரமங்களும் உண்டு. வீட்டில் 'வந்துச்சு' என்று பேசுகிற பிள்ளை புத்தகத்தில் 'வந்தது' என்று பார்க்கிறது. 'வாழப்பழம்' என்று சொல்லிப் பழகிய நாக்கு 'வாழைப்பழம்' என்று வாசிக்க வேண்டும். பாதி அந்நிய மொழிபோல அது படுகிறது. எழுத்து வடிவமும் ஒரு காலத்தில் சங்கடம் தந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, தும்பிக்கை வைத்த லை, னை போன்றவற்றையும் பழைய ணா, றா, னாவையும் மாற்றியது. அதன் பிறகு படித்த பிள்ளைகள் பழைய அம்புலிமாமாவை எடுத்தால் தடுக்கி விழுந்தார்கள். பெரியவர்களுக்கு அது சின்ன விஷயம். தயங்கித் தயங்கி வாசிக்கும் பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் நான்கு இடத்தில் தடுக்கினால் போதும், புத்தகத்தை மூடிவிடும்.

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள், உங்கள் அம்மாமாரே வந்து உட்கார்ந்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் இரவில் படித்தார்கள், பகலில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். நானும் ஒரு தொண்டராகப் போனேன். பகல் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் சிலேட்டுப் பிடித்தார்கள் என்றால், அது யாரோ மானியம் தருவார்கள் என்பதற்காக இல்லை. பஸ் போர்டைத் தானே படிக்க வேண்டும், கூலிக் கணக்கில் ஏமாறக் கூடாது, வெளியூரில் இருக்கும் மகன் கடிதத்தை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது. இதுதான் காரணம். அகர வரிசையை முடித்துவிட்டுச் சொல்லுக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்தே எழுத்தைச் சொல்லிக் கொடுத்தோம்.

சில ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒரு அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். "எழுத்தெல்லாம் ஞாபகம் இருக்காம்மா?" என்றேன். "பேரு போடுவேன் டீச்சர். மத்ததெல்லாம் போயிருச்சு. படிக்கிறதுக்கு வீட்டுல என்ன இருக்கு?" என்றார். சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது, சிலேட்டோடு அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அறிவொளி நடந்தபோது பெரிய எழுத்தில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. இயக்கம் ஓய்ந்ததும் பல ஊர்களில் அவையும் நின்றுபோயின. எழுத்து கற்பது ஒரு முறை நடக்கும் வேலை. வாசிப்பு நாள்தோறும் தண்ணீர் கேட்கும் செடி. கைக்கெட்டும் இடத்தில் புத்தகம் இல்லாவிட்டால் கற்ற எழுத்தும் காய்ந்துபோகும். உங்கள் பிள்ளைக்கும் இதே கதிதான். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போயும் ஒரு பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கப் பொறுமையில்லாதவர்களாகப் பிள்ளைகள் வெளியே வருவதை நான் பார்த்திருக்கிறேன். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, மருந்துச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு அவர்கள் அடுத்தவர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

பீரோ சாவிக்கு வருகிறேன். 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்குக் கதைப் புத்தகங்களும் வந்தன. வந்த புத்தகங்களை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, முத்திரை குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டிய பள்ளிகள் நிறைய. தலைமை ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. புத்தகம் கிழிந்தாலும் தொலைந்தாலும் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். யாருமே தொடாத புத்தகத்துக்குக் கேள்வி கிடையாது, நூறு பிள்ளைகள் தொட்டு நைந்துபோன புத்தகத்துக்குக் கேள்வி உண்டு. இப்படி ஒரு விதி இருந்தால் பூட்டுத்தான் ஜெயிக்கும். நான் வேலை பார்த்த பள்ளிகளில் வகுப்பின் குறுக்கே ஒரு கயிறு கட்டித் துணி காயப்போடுவதுபோலப் புத்தகங்களைத் தொங்கவிட்டேன். அட்டைப் படம் தெரிய வேண்டும், கை எட்ட வேண்டும், கேட்காமல் எடுக்கலாம். பின்னால் அரசே 'புத்தகப் பூங்கொத்து' என்று இதே மாதிரி பள்ளிகளில் புத்தகங்களைத் தொங்கவிடச் சொன்னது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலம் முழுக்க வந்தபோது, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையும் வந்தது. இருநூறு வருடத்தில் பலகை இறங்கி வந்த உயரம் இரண்டடிதான். ஆனாலும் அது பெரிய தூரம்.

கயிற்றில் இருந்த எந்தப் புத்தகத்தையும் தொடாத பையன் ஒருவன் இருந்தான். வீட்டில் ஆடு வளர்த்தார்கள். பள்ளிவிட்டால் அவன்தான் மேய்ப்பான். ஒருநாள் கால்நடை மருந்தகத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரம் ஒன்றையும் கயிற்றில் மாட்டினேன். ஆட்டுக்கு வரும் நோய்கள், என்ன செய்ய வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தது. மத்தியானம் பார்க்கிறேன், அதன் முன்னால் நின்று விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக்கொண்டிருக்கிறான். 'கழிச்சல்' என்ற சொல்லில் மட்டும் நின்று, "இது எங்க ஆட்டுக்கு வந்துச்சு டீச்சர்" என்றான். அன்று சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் அவன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். அவனுக்கென்று ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. நான்கு பக்கம்தான், நிறமும் மங்கல், அதில் நீதியும் கிடையாது. அதற்குப் பிறகு அவன் விலங்குக் கதைகளுக்கு வந்தான். கணக்கில் வீக்காகத்தான் இருந்தான், அது வேறு விஷயம்.

இப்போது பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று ஒன்றை நடத்துகிறது. பதினாறு பக்கம் அளவில் சின்னப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' புத்தகத்தை எடுத்தாலும் தவறில்லை. வயதை வைத்துப் புத்தகம் தராமல், இன்றைக்கு அந்தப் பிள்ளையால் எது முடியுமோ அதைத் தருகிறார்கள். பதினாறு பக்கத்தை முடித்த பிள்ளைக்கு 'ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன்' என்ற பெருமை இருக்கிறதே, அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரிய எழுத்து, சின்ன அளவு, தெரிந்த வாசல், கைக்கெட்டும் இடம். எல்லாம் பழைய பாடம்தான், நல்லவேளையாகப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்திருக்கிறது.

சரி டீச்சர், நாங்கள் என்ன செய்வது என்கிறீர்களா? மேலே சொன்னவர்கள் செய்ததையே செய்யுங்கள். முதலில் உங்கள் பிள்ளைக்குப் பிடிக்கவில்லையா, முடியவில்லையா என்று பாருங்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் வகுப்பைப் பார்க்காமல், இரண்டு படி கீழே உள்ள புத்தகத்தைக் கொடுங்கள். கௌரவக் குறைச்சல் என்று பிள்ளை நினைக்காமலிருக்க, தம்பிக்கோ தங்கைக்கோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். சட்டாம்பிள்ளை ஏற்பாடு இன்னும் வேலை செய்யும்.

ராத்திரி பத்து நிமிடம் நீங்கள் படிக்க, பிள்ளை கேட்கட்டும். நல்ல இடத்தில் நிறுத்துங்கள். வேதாளத்தைப் போல மரத்துக்குப் போய்விடுங்கள். புத்தகத்தை ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள். கிழிந்தால் கிழியட்டும், கோந்து கடையில் கிடைக்கிறது. புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். கிரிக்கெட்டா, காமிக்ஸா, மீன் வளர்ப்பா, எதுவானாலும் சரி. படித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், "எனக்கும் சொல்லேன், அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அது பரீட்சை இல்லை, ஆசை. பிள்ளைகளுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வரி கட்டுகிறீர்கள், உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு மாதம் ஒரு ஞாயிறாவது கூட்டிப்போங்கள். ஞாயிறு திறந்திருக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் புத்தகப் பீரோ பூட்டியிருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சண்டை போட வேண்டாம். "கிழிந்தால் நாங்கள் ஒட்டித் தருகிறோம், திறந்து வையுங்கள்" என்று நான்கு பெற்றோர் சேர்ந்து சொன்னால் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் தெம்பு வரும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். நீண்ட நாளாயிற்று நான் வீட்டுப்பாடம் கொடுத்து! யாரும் சொல்லாமல் நீங்களாகவே வாசித்த முதல் புத்தகம் அல்லது பத்திரிகை எது? அது எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள்? கீழே எழுதுங்கள். பாடப் புத்தகத்துக்குள் எதை ஒளித்து வைத்தீர்கள் என்பதையும் இப்போது தைரியமாக எழுதலாம். மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்